கார்க் கதவின் உட்பலகையைக் கழற்ற வேண்டுமா?

மோட்டார் காரின் பக்கக் கண்ணாடிகளில் வெயிலைத் தடுக்கும் பிலிம் ஒட்டுவதை இன்று பல ஊர்களிலும் காண்கிறோம். ‘கூலிங் பேப்பர்’ என்றும் ‘சன் பிலிம்’ என்றும் மக்கள் இதனை அழைக்கின்றனர். பெயரில் பேப்பர் இருந்தாலும் இது காகிதம் அன்று. மிக மெல்லிய பாலியெஸ்டர் பிளாஸ்டிக் தாள் ஆகும்.

இதனை ஒட்டக் கடைக்குச் செல்வோரை ஒரு கேள்வி எதிர்கொள்ளும். கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் பலகையைக் கழற்றிவிட்டு ஒட்டுவதா, கழற்றாமலே ஒட்டுவதா? பட்டறைகளில் இப்பலகைக்கு ‘டோர் பேட்’ என்று பெயர். “டோர் பேடைக் கழற்றினால்தான் வேலை சுத்தமாக வரும்” என்பார் ஒருவர். “கழற்றினால் கதவு கடகடக்கும், தொடவே கூடாது” என்பார் மற்றொருவர். இருவர் சொல்லிலும் உண்மை உண்டு. எந்த வண்டிக்கு எது பொருந்தும் என்பதை அறிய வேண்டுமானால், கதவுக்குள் என்ன இருக்கிறது, பிலிம் கண்ணாடியை எவ்வாறு பற்றிக்கொள்கிறது என்னும் இரண்டையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முன், பிலிம் எதற்காக ஒட்டப்படுகிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

ஓசூர்ச் சாலையில் வெயில் எங்கே விழுகிறது?

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர், கர்நாடக எல்லையை ஒட்டிய தொழில் நகரம். 1970களில் இங்குச் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980-இல் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலை வந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். மொபெட்டும் இங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. இன்று காலை வேளையில் ஜூஜூவாடி, அத்திப்பள்ளி வழியாக எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் செல்லும் வண்டிகளும், அங்கிருந்து ஓசூர் ஆலைகளுக்கு வரும் வண்டிகளும் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன.

ஒரு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குச் செல்லும் சாலை வடமேற்கு நோக்கிச் செல்கிறது. காலையில் சூரியன் கிழக்கே இருக்கிறது. ஆகவே அத்திசையில் செல்லும் காருக்கு வெயில் வலப்பக்கப் பின்புறமிருந்து விழும். மாலையில் அதே கார் தென்கிழக்கு நோக்கித் திரும்பி வருகிறது. அப்போது சூரியன் மேற்கே இருக்கிறது. இப்போதும் வெயில் வலப்பக்கப் பின்புறமிருந்தே விழும்! போகும்போதும் வரும்போதும் ஓட்டுநர் அமர்ந்திருக்கும் பக்கமே வெயிலைத் தாங்குகிறது.

ஓசூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்குக் காற்று குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் குளிர்ந்த காற்றை வைத்துக் கதிர்களை எடை போடக் கூடாது. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்திற்கும் புற ஊதாக் கதிர்களின் செறிவு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. எனவே தெளிந்த வானத்தின் கீழ், கடற்கரை ஊரைவிட ஓசூரில் இக்கதிர்கள் சற்றுக் கூடுதலாகவே விழும்.

காரின் முன் கண்ணாடி, இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. அப்படலம் புற ஊதாக் கதிர்களில் மிகப் பெரும் பகுதியைத் தடுத்துவிடுகிறது. பெரும்பாலான கார்களின் கதவுக் கண்ணாடியோ ஒற்றைத் தகடு. சூடேற்றி விரைவாகக் குளிர்வித்து உறுதியாக்கப்பட்டது. புற ஊதாக் கதிர்களில் ‘பி’ வகையை அது தடுக்கும். தோலில் ஆழமாகப் பாயும் ‘ஏ’ வகையில் கணிசமான பங்கை உள்ளே விட்டுவிடும்.

இதன் விளைவை 2012-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்னும் அமெரிக்க மருத்துவ ஏட்டில் வெளியான ஒரு படம் காட்டியது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது மனிதர் ஒருவரின் முகம் அது. ஜன்னலை ஒட்டிய இடக் கன்னம் தடித்துச் சுருங்கி முதியவருடையதாகவும், வலக் கன்னம் பல ஆண்டு இளமையாகவும் தோன்றியது. அமெரிக்காவில் ஓட்டுநர் இடப்பக்கம் அமர்கிறார். நம் நாட்டில் வலப்பக்கம் அமர்வதால், இங்கு வெயில் வாங்குவது வலக் கன்னமும் வலக் கையும் ஆகும். ஆகவே பிலிம் ஒட்ட விரும்புவதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

கதவு ஒரு வடிகால்

கார்க் கதவை வெளியிலிருந்து பார்க்கும்போது அது தண்ணீர் புகாத பெட்டி என்றே தோன்றும். உண்மை அதுவன்று. மழை பெய்யும்போது கண்ணாடியில் வழியும் நீரில் ஒரு பகுதி, வெளி ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. கதவின் அடிப்பகுதியில் உள்ள சிறு துளைகள் வழியாக அது வெளியேறிவிடும். கார்க் கதவு, தண்ணீர் உள்ளே வரும் என்று எதிர்பார்த்தே அமைக்கப்பட்டது.

கதவின் உறுப்புகளை வெளியிலிருந்து உள்நோக்கி வரிசையாகக் காண்போம்.

முதலில் இருப்பது வர்ணம் பூசிய வெளித் தகடு. அடுத்து, கண்ணாடி இறங்கி மறையும் இடைவெளி. கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர், அதன் மோட்டார், பூட்டு ஆகியன இப்பகுதியைச் சேர்ந்தவை. மூன்றாவது, பெரிய துளைகள் கொண்ட உட்தகடு. நான்காவது, அத்துளைகளை மூடி ஒட்டப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள். சில வண்டிகளில் இது நுரைத் தாளாக இருக்கும். ஐந்தாவதாக, நாம் கையை ஊன்றிக்கொள்ளும் உட்பலகை. இப்பலகை சில திருகாணிகளாலும், ஓரங்களைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கிளிப்புகளாலும் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கிறது.

இவற்றுள் நம் கவனத்திற்குரியவை இரண்டு. ஒன்று, நான்காவதாகச் சொன்ன தாள். இதனை ஈரத்தடுப்புத் தாள் எனலாம். இதற்கு வெளிப்புறம் நனையும் பகுதி. உட்புறம் உலர்ந்த பகுதி. ஒட்டும் பசை கறுப்பு மெழுகு போல் இளகிய நிலையிலேயே இருக்கும். கதவுக்குள் இறங்கிய நீர் காருக்குள் வராமல் காப்பது இத்தாளே அன்றி உட்பலகை அன்று.

மற்றொன்று, கண்ணாடி கதவுக்குள் இறங்கும் வாயில் இருபுறமும் அதனைத் தழுவி நிற்கும் ரப்பர்ப் பட்டைகள். ஒரு பட்டை வெளிப்புறம். ஒரு பட்டை உட்புறம். கண்ணாடி ஏறி இறங்கும்போது அதிலுள்ள தூசியை இவை துடைக்கின்றன. துடைத்த தூசி எங்கே போகும்? ஒரு பகுதி பட்டையின் மெல்லிய இழைகளிலேயே தங்கிவிடும். பிலிம் ஒட்டப்படுவது கண்ணாடியின் உட்புறத்தில். ஆகவே தொல்லை தருவது உட்பட்டையே.

பிலிம் எவ்வாறு ஒட்டுகிறது?

கார்களுக்கான பிலிம் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் கனம் உடையது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், பிலிம் எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும். இதன் ஒரு முகத்தில் அக்ரிலிக் பசை பூசப்பட்டிருக்கும். அழுத்தினால் பற்றிக்கொள்ளும் வகையைச் சேர்ந்த பசை அது.

பசையின் மூலக்கூறுகள் கண்ணாடியின் மூலக்கூறுகளை மிக நெருங்கும்போது அவற்றிடையே ஈர்ப்பு ஏற்படுகிறது. இந்த ஈர்ப்பு மிகக் குறுகிய தொலைவில் மட்டுமே செயற்படும். இடையில் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருந்தாலும் பசை பற்றாது. பிலிம் ஒட்டுவோர் இதனையே தமக்குத் துணையாக்கிக்கொள்கின்றனர். கண்ணாடியிலும் பசையிலும் சோப்பு கலந்த நீரைத் தெளிக்கின்றனர். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிடும்; நீர் முத்து முத்தாகத் திரளாமல் சீரான படலமாகப் பரவும். அப்படலத்தின்மேல் பிலிம் படகு போல் மிதக்கும். வேண்டிய இடத்திற்கு அதனை நகர்த்திக்கொள்ளலாம். பிறகு ‘ஸ்க்வீஜி’ என்னும் ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீரை வழித்துத் தள்ளுவர். நீர் வெளியேற வெளியேறப் பசை கண்ணாடியைப் பற்றும். எஞ்சிய சிறிதளவு ஈரம் சில நாட்களில் பிலிமின் வழியே மெல்ல ஆவியாகும்.

இடையில் 50 மைக்ரான் அளவுள்ள ஒரு மணல் துகள் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? துகளின் அளவே பிலிமின் கனம். எனவே அத்துகள் கூடாரக் கம்பத்தைப் போல் பிலிமைத் தூக்கி நிறுத்தும். துகள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அதனைச் சுற்றி ஒட்டாமல் நிற்கும் வட்டம் நன்றாகத் தெரியும். வெளிச்சம் பட்டால் புள்ளி புள்ளியாக மின்னும்.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். புத்தக அட்டைக்கு ஒட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் இரு துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை உலர்ந்த கண்ணாடித் துண்டின்மீது அப்படியே ஒட்டுங்கள். மற்றொன்றைச் சோப்பு நீர் தெளித்து ஒட்டி, பழைய அட்டை ஒன்றால் நீரை வழித்துவிடுங்கள். முதலாவதில் காற்றுக் குமிழிகள் சிக்குவதையும், இரண்டாவது சீராகப் படிவதையும் காண்பீர்கள். பிறகு சிறிது சுண்ணக்கட்டித் தூளைத் தூவி மீண்டும் செய்து பாருங்கள். தூசி செய்யும் கேடு அப்போது விளங்கும்.

சிக்கல் முழுவதும் கீழ் விளிம்பில்

கதவுக் கண்ணாடியின் மேல் விளிம்பும் பக்க விளிம்புகளும் எளிதில் கைக்கு எட்டும். கீழ் விளிம்பு கதவுக்குள் மறைந்திருக்கிறது. பிலிமின் அடி ஓரம் உட்பட்டைக்குக் கீழே சிறிதளவாவது இறங்கியிருக்க வேண்டும். பட்டைக்கு மேலேயே அது நின்றுவிட்டால் வெளிச்சக் கோடு தெரியும்; கண்ணாடி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் பட்டை அந்த ஓரத்தில் உரசி, நாளடைவில் பிலிமை உரித்துவிடும்.

உட்பலகையைக் கழற்றாமல் இதனைச் செய்யும் முறை பின்வருமாறு. கண்ணாடியைச் சில சென்டிமீட்டர் இறக்கி, அதன் மேல் விளிம்பு வெளியே தெரியுமாறு வைத்துக்கொள்வர். பிலிமின் மேற்பாதியை முதலில் ஒட்டுவர். கீழ்ப்பாதியில் பசையை மூடிய தாளை உரிக்காமல் விட்டிருப்பர். பிறகு கண்ணாடியை முழுவதும் ஏற்றுவர். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் உட்பட்டையைச் சற்று விலக்கி, எஞ்சிய தாளை உரித்து, பிலிமின் அடி ஓரத்தைப் பட்டைக்குக் கீழே செருகுவர். அதன் பின் நீரை வழிப்பர். பட்டை இளக்கமாக இருந்தால் இம்முறையில் குறையற்ற வேலை கிடைக்கும்.

இதில் இடர் ஒன்று உண்டு. ஸ்க்வீஜி கீழே வரும்போது பட்டையில் மோதும். அங்கே தங்கியுள்ள தூசி நீரில் கரைந்து, பசையின் அடியில் மேலேறும். கடைக்காரர்கள் “டோர் பேடைக் கழற்றினால் சுத்தம்” என்று சொல்வதற்குக் காரணம் இதுவே. பட்டை அகன்றுவிட்டால் தூசியின் இருப்பிடமும் அகன்றுவிடும். கீழ் விளிம்பும் கைக்கு எட்டும்.

ஆனால் பட்டை எதனோடு இணைந்திருக்கிறது? இதுவே முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி. சில கார்களில் உட்பட்டை உட்பலகையோடு இணைக்கப்பட்டிருக்கும். பலகையைக் கழற்றினால் பட்டையும் கூடவே வந்துவிடும். வேறு சில கார்களிலோ பட்டை கதவின் உட்தகட்டின் விளிம்பில் தனியே செருகப்பட்டிருக்கும். அத்தகைய காரில் பலகையைக் கழற்றினாலும் பட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். பலகையைத் தொடாமலே பட்டையை மட்டும் மெல்ல மேல்நோக்கி உருவி எடுக்க இயலுமா என்று முதலில் பார்க்க வேண்டும். பட்டை எங்கே இணைந்துள்ளது என்று பாராமல், எல்லாக் கார்களுக்கும் ஒரே விடை சொல்வது பொருந்தாது.

கழற்ற வேண்டிய சமயங்கள்

மேலே கண்டவற்றிலிருந்து, உட்பலகையைக் கழற்றுவது பயன் தரும் சமயங்களைப் பின்வருமாறு வகுக்கலாம்.

1. உட்பட்டை பலகையோடு இணைந்து, கண்ணாடியை இறுக அழுத்திக்கொண்டிருக்கும்போது. மெல்லிய தகடுகூட நுழையாத இடத்தில் பிலிமைச் செருகினால் அது மடியும் அல்லது கீறும்.

2. பழைய பிலிமை உரித்துவிட்டுப் புதியது ஒட்டும்போது. பழைய பிலிமின் அடி ஓரமும் காய்ந்த பசையும் பட்டைக்குக் கீழே இருக்கும். அவற்றைச் சுரண்டி எடுக்காமல் புதியதை ஒட்டினால் அடி ஓரம் படியாது.

3. மண் சாலையில் நெடுநாள் ஓடி, பட்டை முழுவதும் புழுதி ஏறிய வண்டிகளில். கருங்கல் குவாரிகளும் கல் அறுக்கும் ஆலைகளும் உள்ள கிருஷ்ணகிரிப் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும்.

4. ரெகுலேட்டர், ஸ்பீக்கர் போன்றவற்றின் பழுதுக்காகப் பலகையை எப்படியும் கழற்ற வேண்டியிருக்கும்போது. இரு வேலைகளையும் ஒன்றாக முடித்துக்கொள்ளலாம்.

மற்றபடி புதிய காரில், பட்டை இளக்கமாகவும் தூய்மையாகவும் இருக்குமானால், பலகையைக் கழற்றத் தேவையில்லை. பட்டையைத் தூரிகையாலும் நீராலும் நன்கு கழுவிவிட்டு ஒட்டினாலே போதும்.

கழற்றுவதால் வரும் கேடுகள்

உட்பலகையைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்து அவை நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். இழுக்கும்போது இரண்டொன்று உடைவது இயல்பு. உடைந்ததற்கு மாற்று இடாமல் பலகையை அழுத்தி மூடிவிட்டால், மேடு பள்ளத்தில் வண்டி செல்லும்போது பலகை அதிரும். “கழற்றினால் கடகடக்கும்” என்ற சொல்லின் உண்மை இதுதான். குற்றம் கழற்றியதில் இல்லை. கிளிப்பு மாற்றாததில் இருக்கிறது. கிளிப்பு ஒன்றின் விலை மிகக் குறைவு. வேலைக்கு முன்பே அந்த மாடலுக்குரிய கிளிப்புகள் சிலவற்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இதைவிடப் பெரிய கேடு ஈரத்தடுப்புத் தாளைக் கிழிப்பது. பிலிம் ஒட்டும் வேலைக்கு இத்தாளை உரிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. மேல் ஓரத்தைச் சற்று விலக்கினாலே போதும். ஆயினும் அவசரத்தில் இதனைக் கிழித்துவிடுவோர் உண்டு. அவ்வாறு கிழிந்தால் உடனே ஒன்றும் தெரியாது. அடுத்த மழையில், கதவுக்குள் இறங்கும் நீர் உட்புறமாகக் கசிந்து தரை விரிப்பை நனைக்கும். சில வாரங்களில் பூஞ்சை நாற்றம் எழும். தரைத் தகடும் துருப்பிடிக்கும். பிலிம் ஒட்டியதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு அப்போது யார் நினைவுக்கும் வராது.

மூன்றாவது, மின் இணைப்புகள். ஜன்னல் சுவிட்சு, பூட்டு மோட்டார், ஸ்பீக்கர் ஆகியவற்றின் கம்பிகள் பலகையின் பின்னால் செல்கின்றன. மேலும், பக்க மோதலின்போது விரியும் காற்றுப் பை உள்ள சில கார்களில், மோதலை உணரும் கருவி கதவுக்குள்ளேயே இருக்கிறது. கதவு நசுங்கும்போது உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் திடீரென உயர்வதை அளந்து, அது காற்றுப் பைக்குச் செய்தி அனுப்புகிறது. துளைகள் மூடப்படாமல் விடப்பட்டால் அந்த அழுத்தம் சரியாக எழாமல் போகலாம். ஆகவே ஈரத்தடுப்புத் தாளைப் பழையபடி ஒட்டுவது உயிர்க் காப்போடும் தொடர்புடையது. இத்தகைய கார்களில் கதவுக் கருவியின் இணைப்பைக் கழற்றியிருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கிவிடும்.

பலகையைக் கழற்றாமல் ஒட்டுவதிலும் ஒரு கேடு உண்டு. தெளிக்கும் நீர் முழுவதும் பலகையின்மேல் வழிந்து, கைப்பிடியில் உள்ள சுவிட்சுகளுக்குள் இறங்கும். ஓட்டுநர் கதவில் எல்லா ஜன்னல்களுக்கும் உரிய சுவிட்சுகள் ஒரே இடத்தில் இருக்கின்றன. தடித்த துணியை மடித்துப் பலகையின் மேல் விளிம்பில் விரித்த பின்னரே நீரைத் தெளிக்க வேண்டும்.

இரு முறைகளுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று. உறுதியாக்கப்பட்ட கண்ணாடியின் பரப்பு மிகுந்த இறுக்கத்தில் இருக்கிறது. அதன் முகத்தில் விழும் அடியை அது நன்கு தாங்கும். விளிம்பில் விழும் அடியைத் தாங்காது. கீழ் விளிம்பில் ஸ்க்ரூடிரைவர் போன்ற இரும்புக் கருவி பலமாகப் பட்டால், கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடக்கூடும். எனவே அங்கே பிளாஸ்டிக் கருவிகளையே பயன்படுத்த வேண்டும்.

எத்தகைய பிலிம்? ஒரு பெருக்கல் கணக்கு

ஒட்டும் முறையைப் பார்த்தோம். எதை ஒட்டுவது என்பதில் தவறினால், எவ்வளவு நன்றாக ஒட்டியும் பயனில்லை; சாலையில் நிறுத்தி உரிக்கச் சொல்வார்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி, முன்பின் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடு ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காடு ஒளியையும் உள்ளே விட வேண்டும் என்கிறது. 2012 ஏப்ரல் 27 அன்று, அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்த விழுக்காட்டுப் பிலிமையும் கண்ணாடியில் ஒட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் விதி திருத்தப்பட்டு, பிளாஸ்டிக் படலம் பொருத்திய பாதுகாப்புக் கண்ணாடி 2021 ஏப்ரல் முதல் ஏற்கப்பட்டது. இத்திருத்தத்தைச் சுட்டி, குறித்த அளவு ஒளியை உள்ளே விடும் பிலிமுக்குத் தடையில்லை என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் கூறியது.

அத்தீர்ப்பு கேரளத்து வழக்கில் வந்தது. ஓசூர் வண்டிகளோ நாள்தோறும் இரண்டு மாநிலக் காவலர்களின் கண் முன்னே செல்பவை. டி.என். 70 ஆயினும் கே.ஏ. 51 ஆயினும், ஒட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது நலம்.

விழுக்காட்டைக் கணக்கிடுவதில் பலர் ஏமாறுகின்றனர். 50 விழுக்காட்டுப் பிலிம் ஒட்டினால் விதிக்கு உட்பட்டது என்று எண்ணுகின்றனர். விதி பேசுவது கண்ணாடியும் பிலிமும் சேர்ந்து விடும் ஒளியைப் பற்றி. கண்ணாடி தானே ஒரு பகுதி ஒளியைத் தடுக்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு கதவுக் கண்ணாடி 75 விழுக்காடு ஒளியை விடுகிறது என்று கொள்வோம். அதன்மேல் 50 விழுக்காட்டுப் பிலிமை ஒட்டினால் உள்ளே வருவது 75-இல் பாதி, அதாவது 37.5 விழுக்காடு. இது விதிக்குப் புறம்பானது. 65 விழுக்காட்டுப் பிலிம் ஒட்டினால் ஏறத்தாழ 48.8, அதுவும் போதாது. 70 விழுக்காட்டுப் பிலிம் ஒட்டினால் 52.5, இது எல்லைக்குள் அமையும்.

அப்படியானால், இவ்வளவு வெளிறிய பிலிமால் என்ன பயன் என்று கேட்கலாம். இருளும் குளிர்ச்சியும் ஒன்றன்று. சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டு அகச்சிவப்பை மட்டும் தடுக்கும் பிலிம்கள் உள்ளன. புற ஊதாவைத் தடுப்பதற்கும் நிறம் தேவையில்லை. நிறமற்ற பிலிமில் கலந்துள்ள வேதிப்பொருளே அதனைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடும். வெறும் சாயம் ஏற்றிய மலிவான கறுப்புப் பிலிமோ, கண்ணைக் குளிர்வித்துக் கண்ணாடியைச் சூடாக்கும். இரவில் பக்கச் சாலையிலிருந்து வருபவரையும் மறைத்துவிடும். ஓட்டுநரின் கன்னத்தைக் காப்பது வெளிறிய நல்ல பிலிமே.

ஒட்டிய பின்

ஒட்டி முடித்ததும் ஜன்னலை மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை இறக்கக் கூடாது. ஈரம் உலராத நிலையில் உட்பட்டை அடி ஓரத்தைப் பிடித்து இழுத்துவிடும். உலரும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. ஓசூரைவிடத் தாழ்வான கிருஷ்ணகிரியின் வெயிலில் இரண்டு நாளில் உலர்வது, ஓசூரின் மார்கழிப் பனியில் ஒரு வாரம் வரை எடுத்துக்கொள்ளலாம். சுங்கச் சாவடியிலும் சோதனையிலும் பழக்கத்தால் விரல் சுவிட்சுக்குச் செல்லும். ஆகவே அதன்மேல் ஒரு துண்டு ஒட்டுத்தாளை ஒட்டி வைப்பது நல்லது. இந்நாட்களில் மங்கலாகவோ சிறு நீர்க் கொப்புளங்களாகவோ தெரிவன தாமே மறையும். கூர்மையான புள்ளிகளாகத் தெரிவன தூசி, அவை மறையா.

கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒட்டும்போது இறங்கிய சோப்பு நீரும் பட்டையிலிருந்து கழுவிய புழுதியும் அங்கே அடைத்துக்கொள்ளக்கூடும். ஒரு துடைப்பக் குச்சி போதும்.

சுருக்கமாகக் கூறினால், உட்பலகையைக் கழற்றுவது கெட்டிக்காரத்தனமும் அன்று. கழற்றாமல் விடுவது சோம்பலும் அன்று. கடைக்காரரிடம் “கழற்றுவீர்களா?” என்று கேட்பதைவிட மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் வண்டியில் உட்பட்டை எதில் இணைந்திருக்கிறது? கழற்றினால் உடையும் கிளிப்புக்கு மாற்று இருக்கிறதா? ஈரத்தடுப்புத் தாளைப் பழையபடி ஒட்டித் தருவீர்களா? இம்மூன்றுக்கும் தெளிவாக விடை சொல்பவர் கழற்றினாலும் அஞ்ச வேண்டியதில்லை. சொல்லத் தெரியாதவரிடம் கதவைக் கழற்றக் கொடுக்காமல் இருப்பதே அறிவுடைமை.